ஒசாகாவில் ஒரே ஒரு நாள்: எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம், சைவம் என்றால் என்ன செய்யலாம்

கேள்வி இதுதான்: அக்டோபர் கடைசியில் கணவன் மனைவி இருவர் ஜப்பான் போகிறார்கள். கியோட்டோவிலிருந்து இரவு ஒசாகா வந்து சேர்கிறார்கள், மறுநாள் முழுவதும் கையில் இருக்கிறது, அதற்கடுத்த நாள் காலை கன்சாய் விமான நிலையத்தில் விமானம். கணவர் எல்லாம் சாப்பிடுவார், மனைவி சைவம், முட்டை மட்டும் உண்டு. கோட்டை, யுனிவர்சல் ஸ்டூடியோ, கையூகான் மீன் காட்சியகம், டோத்தோன்போரி கால்வாய்க்கரைக் கடைத்தெரு நான்கையும் அந்த ஒரு நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியாது. யுனிவர்சலுக்குப் போனால் அன்றைய நாள் அங்கேயே தீர்ந்தது, காலையில் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்று இருட்டிய பிறகு கால் கடுக்க வெளியே வருகிற இடம் அது. கையூகான் நல்ல காட்சியகம்தான், திமிங்கலச் சுறா இருக்கிறது, குழந்தைகளோடு வந்தால் நானே போகச் சொல்வேன், ஆனால் துறைமுகப் பக்கம் போய்த் திரும்ப அரை நாள் காலி. இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கோட்டையும் டோத்தோன்போரியும் இருக்கட்டும், நடுவில் நான் சொல்கிற சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் பக்கம் வேலை பார்த்து, ஊரிலிருந்து வருகிற ஆட்களையெல்லாம் அழைத்துக்கொண்டு சுற்றியவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். கோயிலும் தோட்டமும் பார்க்க கியோட்டோ இருக்கிறது, அதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஒசாகா பார்வைக்கு அப்படி ஒன்றும் அழகான ஊர் இல்லை, 1945 குண்டுவீச்சில் எரிந்து அப்புறம் அவசர அவசரமாகக் கான்கிரீட்டில் எழுந்த ஊர். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடினால் மாலையில் இதற்காகவா வந்தோம் என்று தோன்றும். வயிற்றை நடுவில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். எங்கேயும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், ஒரு கடையில் கொஞ்சம், அரை மணி நேரம் நடை, இன்னொரு கடையில் கொஞ்சம். அந்த நடையில் வருகிற இடங்களைப் பார்த்தாலே ஊர் பிடிபட்டுவிடும்.

உங்கள் மனைவிக்கான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கே சாப்பிடுவது என்பது அதைப் பொறுத்துத்தான் மாறும். ஜப்பானில் சைவக்காரர்களுக்கு இறைச்சி பெரிய தொல்லை இல்லை, கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். தொல்லை தாஷி. கோம்பு என்கிற தடித்த கடற்பாசியை ஊறவைத்து, கட்சுவோபுஷி என்கிற, வேகவைத்துப் புகைபோட்டு மரக்கட்டை மாதிரி காயவைத்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுக்கிற சாறு அது. உடோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸின் சாற்றில் இருக்கும், ஒக்கோனோமியாக்கி என்கிற முட்டைக்கோஸ் அடையின் மாவில் இருக்கும், தக்கோயாக்கி என்கிற ஆக்டோபஸ் உருண்டையின் மாவில் இருக்கும், வேகவைத்த பூசணிக்காயில் இருக்கும், டோஃபு மேல் ஊற்றுகிற சோயா சாஸில்கூட இருக்கலாம். வெஜிடேரியன் என்று சொன்னால் கடைக்காரர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, இறைச்சி போடாத, ஆனால் மீன் சாற்றில் வெந்த ஒன்றைச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பார். அவர் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், சாற்றை அவர் மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்தச் சாறு விஷயத்தில் ஒசாகா மற்ற ஊர்களைவிட ஒரு படி மேல், அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில், அதாவது பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, வடகோடித் தீவான ஹொக்கைடோவில் விளைந்த கோம்பை கித்தமாயே என்ற வணிகக் கப்பல்கள் ஜப்பான் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கின. நாட்டின் அரிசியும் இங்கேதான் குவிந்தது. பிரபுக்களின் அரிசிக் கிடங்குகள் நகானோஷிமா ஆற்றங்கரையில் வரிசையாக நின்றன, பக்கத்தில் தோஜிமா அரிசிச் சந்தையில், பின்னால் கைமாறப்போகிற சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசுகிற முன்பேர வணிகத்துக்கு 1730இலேயே அரசு அனுமதி கொடுத்தது, உலகின் முதல் முன்பேரச் சந்தை என்று அதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். நாட்டின் சமையலறை என்று இந்த ஊருக்குப் பெயர் வந்தது இப்படித்தான். காசும் அரிசியும் கோம்பும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் வணிகர்களின் நாக்கு ருசி கண்டது, டோக்கியோவின் கறுத்த, சோயா தூக்கலான உடோன் சாற்றைப் பார்த்து இவர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். இங்கே சாறு வெளிர் தங்க நிறம், அடிக்கிண்ணம் தெரியும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இந்த வாக்கியத்தைக் கைபேசியில் ஜப்பானிய எழுத்தில் மாற்றி வைத்துக்கொண்டு கடையில் காட்டுங்கள்: "நிகு தோ சகானா வா தபேமாசென், தாஷி மோ தமே தெஸ்." இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், தாஷியும் கூடாது. வெஜிடேரியன் என்று சொல்வதைவிட இது பல மடங்கு வேலை செய்யும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவார்கள், அதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம், அந்த நேர்மைதான் நமக்கு வேண்டும். உங்கள் மனைவி சாறு பரவாயில்லை, துண்டு இல்லாமல் இருந்தால் போதும் என்கிற ரகமா, சாறே கூடாது என்கிற ரகமா என்று கிளம்பும் முன் வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் நின்றுகொண்டு இதைப் பேசினால் நாள் கெட்டுவிடும்.

தங்குவதற்கு நகரின் தெற்கு மையமான நம்பா பக்கம் அறை எடுங்கள். மறுநாள் காலை நன்கை ரயிலில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் விமான நிலையம், மாற வேண்டிய வேலை இல்லை. வடக்கு மையமான உமேதா பக்கம் ஹோட்டல்கள் பளபளப்பாக இருக்கும், ஆனால் அங்கே நிலத்தடி வழிகளில் பெட்டியோடு வெளிவாசல் தேடுவது தனி அனுபவம், உள்ளூர்க்காரர்களே அங்கே வழி தவறுவார்கள். மெட்ரோவுக்கு ஒருநாள் அட்டை வார நாளில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 620 யென். நான் சொல்கிற வழியில் மூன்று நான்கு முறைதான் ரயில் ஏறுவீர்கள், அதனால் வார இறுதியில் லாபம், வார நாளில் முன்பணம் போட்டுத் தட்டிப் போகிற சாதாரண ஐசி அட்டையே போதும். எஸ்கலேட்டரில் இங்கே வலது பக்கம் நிற்பார்கள், டோக்கியோவில் இடது பக்கம் நின்று பழகியிருப்பீர்கள், முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள்.

காலை எட்டு எட்டரைக்குக் கோட்டை. நம்பாவிலிருந்து மெட்ரோவின் சிவப்பு மிதோசுஜி வழியில் ஹொம்மாச்சி, அங்கே பச்சை சூவோ வழிக்கு மாறித் தனிமாச்சி யொன்சோமே. காலை உணவைப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டாம், வழியில் ஒரு கொம்பினியில், அதாவது எந்நேரமும் திறந்திருக்கிற சின்னக் கடையில், ஆளுக்கொரு சோற்று உருண்டை வாங்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கு உப்பு மட்டும் போட்ட ஷியோ முசுபி பாதுகாப்பானது. கோம்பு வைத்தது சைவம் மாதிரிதான் தெரியும், ஆனால் பலவற்றில் மீன் சுவையூட்டி சேர்த்திருப்பார்கள், உறையில் இருக்கிற எழுத்தைக் கைபேசியின் மொழிபெயர்ப்பில் காட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கோட்டையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரியாமல் போகிறவர்கள் உள்ளே ஏறி ஏமாந்து வருவார்கள். வெள்ளையும் பச்சையும் தங்கமுமாக நிற்கிற அந்த மையக் கோபுரம் 1931இல் ஊர் மக்கள் நன்கொடை போட்டுக் கட்டிய கான்கிரீட் கட்டடம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, எட்டு மாடி அருங்காட்சியகம் இருக்கிறது. போர்த்தலைவர் தொயொத்தோமி ஹிதெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய அசல் கோட்டை 1615 போரில் அழிந்தது. வென்ற தோக்குகாவா தரப்பு அதை மண்ணைப் போட்டு மூடி அதன் மேலேயே 1620களில் தன் கோட்டையைக் கட்டியது, அந்தக் கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்துபோனது. தோற்றவன் கட்டியது ஒரு அடையாளம்கூடத் தெரியக் கூடாது என்கிற வெறி அது. மேலே ஏற இப்போது 1,200 யென், 2025 ஏப்ரலில் 600இலிருந்து ஏற்றினார்கள். மண்ணுக்கடியில் புதைந்திருந்த ஹிதெயோஷி காலத்துக் கற்சுவரைத் தோண்டித் திறந்துவைத்த காட்சிக்கூடமும் அதே கட்டணத்தில் அடக்கம். ஜப்பானிய வரலாற்றில் ஆர்வம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசு சாப்பாட்டுக்கு ஆகட்டும்.

காசு கேட்காத கற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள், என் கணக்கில் கோட்டையில் பார்க்க வேண்டியதே அதுதான். ஓத்தே வாயில் வழியாக நுழைந்து சகுரா வாயிலைத் தாண்டியதும் நேர் எதிரே ஒரு கல் நிற்கும், தக்கோ இஷி என்று பெயர். கல் என்கிறேன், சுவர் என்றுதான் உங்களுக்கு முதலில் தோன்றும். முகப்பு மட்டும் கிட்டத்தட்ட 60 சதுர மீட்டர், அதாவது நம் ஊரில் ஒரு சின்ன இரண்டு படுக்கையறை வீடு அளவுக்குப் பரப்பு. எடை சுமார் 108 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கருங்கற்களை செட்டோ உள்நாட்டுக் கடலின் தீவுகளில் வெட்டிப் படகில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுன் வேலையைப் பிரபுக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார், அவரவர் செலவு, அவரவர் ஆள். பெரிய கல்லாகக் கொண்டுவந்து வைத்தால் ஷோகுன் கண்ணில் படலாமே என்று போட்டி போட்டார்கள். அகழி ஓரமாகச் சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டே நடங்கள், கற்களில் வட்டம், அம்பு, விசிறி மாதிரி சின்னச் சின்னக் குறிகள் செதுக்கியிருக்கும், எந்தப் பிரபுவின் கல் என்பதற்கான அடையாளம் அது. ஒன்றரை மணி நேரம் போதும்.

அங்கிருந்து தனிமாச்சி மெட்ரோ வழியில் தெற்கே ஷிதென்னோஜிமாயே யூஹிகாவோகா நிலையம். ஷிதென்னோஜி கோயில் இளவரசர் ஷோதொக்கு 593இல் நிறுவியது. இப்போது இருக்கிற மையக் கட்டடங்கள் போருக்குப் பிறகு எழுப்பிய கான்கிரீட்தான், ஆனால் வாயில், கோபுரம், பொன் மண்டபம், பிரசங்க மண்டபம் எல்லாம் வடக்கு தெற்காக ஒரே கோட்டில் நிற்கிற அமைப்பு பழையதை அப்படியே பின்பற்றியது. எனக்கு இந்தக் கோயிலைவிட இதைக் கட்டிய நிறுவனத்தின் கதை பிடிக்கும். கொரியாவின் பழைய பேக்சே அரசிலிருந்து வரவழைத்த தச்சர் ஒருவர் 578இல் தொடங்கிய கொங்கோ குமி என்ற நிறுவனம் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கோயில் கட்டிக்கொண்டே இருந்தது, கடன் சுமையால் 2006இல்தான் வேறொரு கட்டுமான நிறுவனத்தின் கீழ் போனது. மாதத்தின் 21, 22 தேதிகளில் வளாகத்தில் பழைய பொருள் சந்தை கூடும், உங்கள் நாள் அதில் விழுந்தால் அதிர்ஷ்டம், பழைய கிமோனோவும் பீங்கானும் பேரம் பேசாமலேயே மலிவு. மற்ற நாட்களில் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டு மேற்கே நடக்கத் தொடங்குங்கள். இருபது நிமிடத்தில் ஷின்செகாய்.

ஷின்செகாயை விரும்பாதவர்களும் உண்டு, கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் பழசு, எண்ணெய் வாடை. 1903இல் பெரிய தொழில் கண்காட்சி நடந்த திடலில் 1912இல் எழுப்பிய கேளிக்கை நகரம் இது, பாதி பாரிஸ், பாதி நியூயார்க் என்று கனவு கண்டு கட்டினார்கள். நடுவில் நிற்கிற சூத்தென்காக்கு கோபுரம் முதலில் ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்து எழுப்பியது, 1943இல் தீப்பிடித்த பிறகு போர்க்கால இரும்புத் தேவைக்காகக் கழற்றிவிட்டார்கள். இப்போது இருப்பது 1956இல் கட்டியது, டோக்கியோ டவரை வடிவமைத்த அதே நைத்தோ தாச்சூவின் கைவேலை. மேலே ஏற வேண்டும் என்று இல்லை. இரவில் இந்தக் கோபுரத்தின் உச்சி விளக்கைப் பார்த்தால் மறுநாள் வானிலை தெரியும், வெள்ளை என்றால் வெயில், ஆரஞ்சு என்றால் மேகம், நீலம் என்றால் மழை.

மதியச் சாப்பாடு இங்கேதான், குஷிக்காட்சு. குச்சியில் குத்திய எதையும் மாவிலும் ரொட்டித் தூளிலும் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். 1929இல் இங்கே தொடங்கிய தருமா கடை பெயர் பெற்றது, வாசலில் வரிசை நீளமாக இருந்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், குடிமுழுகிவிடாது. மேசையில் இருக்கிற சாஸில் ஒரு முறைதான் முக்க வேண்டும், கடித்த குச்சியை மறுபடி முக்கக் கூடாது என்பது இந்த ஊரின் எழுதப்பட்ட சட்டம், சுவரெங்கும் ஒட்டியிருப்பார்கள். பழைய கடைகளில் பொதுப் பாத்திரம் ஒன்றில் எல்லாரும் முக்குவார்கள், சாஸ் போதவில்லை என்றால் இலவசமாகத் தருகிற முட்டைக்கோஸ் துண்டால் அள்ளி ஊற்றிக்கொள்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு நிறையக் கடைகள் ஊற்றுகிற பாட்டிலுக்கு மாறிவிட்டன. உங்களுக்கு மாட்டிறைச்சி, இறால், காடை முட்டை. தட்டில் காலிக் குச்சிகள் சேரச் சேர நிறுத்த மனம் வராது, ஒன்று நூற்றைம்பது இருநூறு யென்தானே என்று தோன்றும். ஏழெட்டோடு எழுந்துவிடுங்கள், இன்னும் பாதி நாள் இருக்கிறது.

மனைவிக்குத் தாமரைத் தண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு, சீஸ், அப்புறம் சிவப்பு இஞ்சி ஊறுகாயைத் துண்டாகப் பொரிக்கிற பெனிஷோகா, இது ஒசாகா, கியோட்டோ அடங்கிய கன்சாய் வட்டாரத்துக்கே உரியது, உறைப்பும் புளிப்புமாக நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆனால் எல்லாம் ஒரே எண்ணெய், சில கடைகளில் அந்த எண்ணெயே மாட்டுக் கொழுப்பு. அதை ஏற்க முடியாது என்றால் இங்கே அவரைப் பட்டினி போடாமல் இருக்க வேறு வழி வேண்டும். ஜன்ஜன் யோகோச்சோ என்ற கூரை போட்ட சின்னச் சந்தில் சென்னாரியா என்ற பழைய காபிக் கடை இருக்கிறது, 1948 முதல். ஒசாகாவின் மிக்ஸ் ஜூஸ் பிறந்த கடை. வாழைப்பழம், ஆரஞ்சு, பீச் எல்லாம் போட்டுப் பாலோடு அடித்தது. வயிறும் ஓரளவு நிறையும். அதே சந்தில் ஷோகி என்கிற ஜப்பானிய சதுரங்க மன்றங்கள் இருக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயதானவர்கள் காய் நகர்த்திக்கொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் தெருவில் நாலு பேர் நின்று மௌனமாக ஆட்டம் பார்ப்பார்கள். நீங்களும் ஐந்தாவது ஆறாவது ஆளாக நில்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மனைவிக்கு முழுச் சாப்பாடே வேண்டும் என்றால் ஒரு நல்ல செய்தி. ஒசாகா கறி என்றால் வெறி பிடித்த ஊர், கறி என்றால் இங்கே இறைச்சி இல்லை, சோற்றோடு தருகிற மசாலாக் குழம்பு. மசாலாவைத் தாங்களே வறுத்து அரைத்து, ஊர்ச் சாற்றையும் சேர்த்துச் செய்கிற ஸ்பைஸ் கறி என்ற ரகம் இங்கே வளர்ந்தது, அந்த வழியில் போன ஜப்பானிய சமையல்காரர்கள் பலர் தென்னிந்தியச் சமையலிலும் இறங்கினார்கள். மீல்ஸ் என்ற பெயரிலேயே, சாம்பார், ரசம், பொரியல், வடை என்று தட்டில் அடுக்கித் தருகிற கடைகள் நகரத்தில் இருக்கின்றன, சமைப்பவர் பெரும்பாலும் ஜப்பானியர். வரைபடத்தில் தென்னிந்திய உணவு என்று தேடுங்கள். கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், ஸ்பைஸ் கறிக் கடை என்றால் தாஷி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், மீல்ஸ் கடை என்றால் சைவத் தட்டு எது என்று அவர்களே தெளிவாகச் சொல்வார்கள். ரசம் சில இடங்களில் அசத்திவிடும்.

ஷின்செகாய் பக்கத்து எபிசுசோவில் ரயில் ஏறி ஒரே நிறுத்தம், நிப்பொம்பாஷி, குரோமோன் சந்தை அங்கேதான். குரோமோன் சந்தையைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நான் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு காலத்தில் உணவகக்காரர்கள் மீன் வாங்க வந்த சந்தை, இப்போது பாதிக்கு மேல் சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. கண்முன்னே வாட்டித் தருகிற மாட்டிறைச்சிக் குச்சியும் நண்டுக் காலும் ஆயிரக்கணக்கில் யென் சொல்வார்கள். ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வெளியே வாருங்கள், வேண்டுமானால் பழம் வாங்குங்கள். கோம்பு விற்கிற கடை கண்ணில் பட்டால் நின்று, ஹொக்கைடோவின் எந்தக் கடற்கரையில் எடுத்தது என்பதை வைத்து எப்படி விலை மாறுகிறது என்று பாருங்கள். ஒரு பொட்டலம் வாங்கி வீட்டில் காளானோடு ஊறவைத்தால் மீன் இல்லாத தாஷி கிடைக்கும், புத்த மடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

பத்து நிமிட நடையில் தொகுயாசுஜி. உணவகங்களுக்குப் பாத்திரம் விற்கிற தெரு. உணவக வாசல்களில் வைக்கிற போலிச் சாப்பாட்டு மாதிரிகள், பக்கத்துச் சக்காய் ஊரில் அடித்த கத்திகள், கடைப் பெயர் எழுதிய காகித விளக்குகள், தக்கோயாக்கி சுடுகிற குழிக் கற்கள் எல்லாம் இங்கே. கத்தி வாங்கினால் மறக்காமல் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகும்.

இங்கே கால் ஓயும். நான்கு மணிக்கு ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், இல்லாவிட்டால் மாலை கெட்டுவிடும். பக்கத்து சென்னிச்சிமாயேவில் 1934 முதல் இருக்கிற மருஃபுக்கு போன்ற பழைய காபிக் கடைகள் உண்டு, காபி கறுப்பாக, கனமாக, டிகாக்‌ஷன் பழகிய நமக்கு உகந்ததாக இருக்கும். அல்லது நம்பாவில் ரிக்குரோ ஓஜிசான் சீஸ் கேக். சுட்டு எடுத்ததும் மணி அடிப்பார்கள், கேக் தட்டில் ஆடிக்கொண்டே வரும், அடியில் திராட்சை. முட்டை உண்டு என்பதால் உங்கள் மனைவிக்கும் ஆகும். முழுக் கேக்காகத்தான் விற்பார்கள், இருவருக்கு அதிகம், இரவுக்கு அறையில் வைத்துக்கொள்ளலாம்.

இருட்டத் தொடங்கும்போது, அக்டோபர் கடைசியில் ஐந்து ஐந்தரைக்கே, டோத்தோன்போரி. ஆனால் நேராகப் போகாமல் ஹோசென்ஜி சந்து வழியாகப் போங்கள். கல் பாவிய குறுகலான சந்து, கடைசியில் ஒரு குட்டிக் கோயில், உள்ளே ஃபுதோ மியோஓ என்கிற புத்தக் காவல் தெய்வத்தின் சிலை. வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேண்டிக்கொள்வதால் சிலை முழுக்கப் பாசி படர்ந்து முகமே தெரியாது. வேலை முடிந்து போகிற அலுவலக ஆட்கள் பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டு நிமிடம் நடந்தால் சத்தமும் வெளிச்சமும் முகத்தில் அடிக்கும். 1612இல் யாசுய் டோத்தோன் என்பவர் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1615இல் முடிந்தது, அதன் கரையில் நாடகக் கொட்டகைகள் வந்தன, நாடகம் பார்க்க வந்தவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. கொட்டகைகள் போய்விட்டன, கடைகள் மிச்சம். ஓடுகிற மனிதனின் படம் போட்ட கிளிகோ மிட்டாய் நிறுவன விளம்பரம் 1935இல் முதலில் வைத்தது, இப்போது இருப்பது 2014இல் வந்த ஆறாவது. கால் அசைக்கிற ராட்சச நண்டு 1960களிலிருந்து அசைத்துக்கொண்டிருக்கிறது. 1985இல் ஹன்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி லீகை வென்ற இரவில், ரசிகர்கள் பக்கத்துக் கேஎஃப்சி கடை வாசலிலிருந்த கர்னல் சிலையைத் தூக்கி இந்தக் கால்வாயில் போட்டார்கள். அந்த ஆண்டு தேசியப் பட்டமான ஜப்பான் சீரிஸும் கிடைத்தது, அப்புறம் நீண்ட வறட்சி, கர்னலின் சாபம் என்று பேச்சு. 2009இல் சிலையைச் சேற்றிலிருந்து எடுத்தும் உடனே சரியாகவில்லை, 2023இல்தான் மறுபடி ஜப்பான் சீரிஸை வென்றார்கள். பாலத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம், அதற்கு மேல் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

தக்கோயாக்கி இங்கே சாப்பிட்டே ஆக வேண்டும், நீங்கள் மட்டும். 1935 வாக்கில் இந்த ஊர் ஐசுயா கடையில் பிறந்தது, அதற்கு முன் ஆக்டோபஸுக்குப் பதில் மாட்டு நரம்பு வைத்துச் செய்தார்கள். கடை முன்னால் நின்று செய்வதைக் கவனியுங்கள். நம் குழிப்பணியாரக் கல் மாதிரியேதான், ஆனால் மாவு மோர் போல நீர்க்க இருக்கும், குழியை நிரப்புவதோடு நிற்காமல் கல் முழுக்க ஊற்றிவிடுவார். ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி, பொரித்த மாவுத் துகள் எல்லாவற்றையும் மேலே தூவிவிட்டு, அடி லேசாகப் பிடித்ததும் இரண்டு கையிலும் ஊசி எடுத்து, குழிகளுக்கு நடுவில் கோடு கிழித்து, ஒவ்வொன்றையும் கால் சுற்று திருப்பி, வெளியே வழிந்த மாவை உள்ளே செருகுவார். இன்னும் கால் சுற்று. இப்படி அரைகுறை வட்டம் உருண்டையாகிறது. உள்ளே கூழாகவே இருப்பதுதான் பக்குவம், வேகவில்லை என்று நினைக்க வேண்டாம். வாங்கியதும் முழுதாக வாயில் போட்டால் மேலண்ணம் பொத்துப்போகும், குச்சியால் கிழித்து ஆவி போகவிடுங்கள். கடை பக்கத்திலேயே நின்று சாப்பிட்டுத் தட்டை அங்கேயே கொடுத்துவிடுங்கள், தெருவில் குப்பைத்தொட்டி தேடி அலைய வேண்டியிருக்காது.

ராத்திரிச் சாப்பாடு ஒக்கோனோமியாக்கி. முட்டைக்கோஸ், மாவு, முட்டை, துருவிய வள்ளிக் கிழங்கு எல்லாம் கலந்து கல்லில் சுடுவது ஒசாகா முறை, அடுக்கடுக்காக நூடுல்ஸோடு செய்வது ஹிரோஷிமா முறை, இரண்டில் எது நல்லது என்று இங்கே யாரிடமும் கேட்காதீர்கள். கரண்டியால் மேலே அழுத்தக் கூடாது, காற்று போய்க் கெட்டியாகிவிடும். சைவத்துக்கு இதில்தான் கவனம் வேண்டும். பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள், மேலே தூவுகிற கட்சுவோபுஷியையும் நிறுத்திவிடுவார்கள், ஆனால் மாவை மதியமே தாஷியில் கரைத்து வைத்திருப்பார்கள், அதை நிறுத்த முடியாது. நம்பா, டோத்தோன்போரி வட்டாரத்தில் வீகன் ஒக்கோனோமியாக்கி என்று தனியாக எழுதிப்போட்ட கடைகள் உண்டு, வீகன் என்பதால் முட்டை இருக்காது, பரவாயில்லை. முதல் நாள் இரவே தேடி இடம் பதிவு செய்துவிடுங்கள், ஏழு மணிக்குப் பசியோடு தேடத் தொடங்காதீர்கள்.

அதற்குப் பிறகும் தெம்பு இருந்தால் உயரமான இடம் ஒன்று. இரண்டு கோபுரங்களை உச்சியில் இணைத்து 1993இல் கட்டிய உமேதா ஸ்கை கட்டடமா, 300 மீட்டர் அபேனோ ஹருக்காஸா என்றால் நான் உமேதா ஸ்கை என்பேன். உயரம் 173 மீட்டர்தான், ஆனால் மேலே திறந்தவெளியில் காற்றில் நிற்கலாம், அங்கே போகிற எஸ்கலேட்டர் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அந்தரத்தில் போகும். திறந்தவெளியில் நின்றால் தலைசுற்றுகிறவர்கள் ஹருக்காஸ் போகட்டும்.

மழை வந்தால் கோட்டையையும் ஷின்செகாயையும் விட்டுவிட்டு தென்ஜின்பாஷிசுஜி போங்கள். சுமார் 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட கடைத்தெரு, ஜப்பானிலேயே நீளமானது என்கிறார்கள், கூட்டத்தில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், விலையும் அவர்களுக்கான விலை. வடக்கு முனையில் வாழ்விட அருங்காட்சியகம் இருக்கிறது, எடோ காலத்து ஒசாகா தெரு ஒன்றை உள்ளேயே முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே முடித்துக்கொண்டு தெருவின் கூரைக்கடியிலேயே தெற்கே நடந்து மினாமிமோரிமாச்சியில் ரயில் ஏறினால் மாலைக்கு நிப்பொம்பாஷி வந்துவிடலாம், டோத்தோன்போரி நடை தூரம், ஈரத் தரையில் அந்த விளக்குகள் இன்னும் எடுப்பாகத்தான் இருக்கும்.